நகையை விற்கும் முன் ஒரு கேள்வி!

தியாகராய நகருக்கு நகை வாங்க வருகிறவர்கள் அநேகம். விற்க வருகிறவர்களும் உண்டு. அவர்களில் சிலர் அந்தப் பணத்தோடு அடையாறு போகிறார்கள். அங்கேதான் புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-ல் 12 படுக்கைகளுடன் தொடங்கியது அது.

"விலை கூடிய மருந்தாகவே போடுங்கள், டாக்டர்! வளையல் போனால் போகட்டும்!"

பாசம் அப்படித்தான் பேசும். ஆனால் விலை கூடிய மருந்துதான் நல்ல மருந்தா?

எத்தனை மாதம்?

நுரையீரல் புற்றுநோய் முற்றிய பிறகு, 'கீமோதெரபி' மருந்துகள் பெரும்பாலும் நோயை அடியோடு ஒழிப்பதில்லை. அடக்கி வைக்கின்றன. மூச்சுத் திணறலைக் குறைக்கின்றன. ஆகவே, எத்தனை மாதம் கூடும், அந்த மாதங்களில் நோயாளி எழுந்து நடமாடுவாரா, அதற்கு என்ன செலவு என்று மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மும்பை டாடா நினைவு ஆஸ்பத்திரி டாக்டர்கள் 350 நோயாளிகளிடம் சோதித்து, 2019-ல் முடிவை வெளியிட்டார்கள். எல்லோரும் 'ஈ.ஜி.எப்.ஆர்.' என்னும் மரபணுவில் மாறுதல் உள்ளவர்கள். ஒரு பிரிவினருக்கு 'ஜெபிடினிப்' மாத்திரை மட்டும். இன்னொரு பிரிவினருக்கு அதோடு 'பெமெட்ரெக்செட்', 'கார்போபிளாட்டின்' ஊசிகள். மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களில் பாதிப் பேருக்கு 8 மாதம் வரை நோய் அடங்கியிருந்தது. ஊசியும் சேர்ந்தபோது 16 மாதம்! ஆனால் கடுமையான பக்க விளைவுகளும் 25 சதவீதத்திலிருந்து 51 சதவீதமாக ஏறின.

அதே மருந்து!

அதே 2019-ல் மத்திய அரசு 42 புற்றுநோய் மருந்துகளுக்கு வியாபார லாபம் 30 சதவீதம்தான் என்று வரம்பு கட்டியது. 22,000 ரூபாய் விலை போட்டிருந்த ஒரு கம்பெனியின் பெமெட்ரெக்செட் ஊசி 2,800 ரூபாய்க்கு இறங்கியது. மருந்தின் குணத்தில் குன்றிமணி அளவும் குறையவில்லை. குறைந்தது லாபம்!

மலிவும் நஷ்டமாகலாம். மரபணு மாறுதல் இல்லாதவருக்கு ஜெபிடினிப் கொடுத்தால், கீமோதெரபியைவிடப் பலன் குறைவு. சோதனைக்குப் பணம் மிச்சம் பிடித்து, மாத்திரையில் கோட்டை விடுவதா?

பில்லில் வராத செலவும் உண்டு. ஊசிக்கு மூன்று வாரத்துக்கு ஒரு முறை வர வேண்டும். மயிலாப்பூர்க்காரருக்கு அது பெரிதல்ல. திருவண்ணாமலையிலிருந்து வருகிறவருக்கு? பஸ் சத்தம், தங்கும் செலவு, துணைக்கு வரும் மகனின் கூலி!

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் முதல் நாளே காட்டுங்கள். பிறகு டாக்டரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்: "மரபணு சோதனை செய்தாயிற்றா? இந்த மருந்தால் எத்தனை மாதம் கூடும், ஐயா? இதையே வேறு கம்பெனி மலிவாக விற்கிறதா?"