நந்தனத்தில் ஒரு சாண்ட்விச் கடை

நந்தனத்துக்கு அந்தப் பெயரைச் சூட்டியவர் ராஜாஜி என்பார்கள். அவர் முதலமைச்சராக வந்த 1952-இல் பிறந்த தமிழ் வருடம் நந்தன. குடியிருப்புகளோடு அரசு அலுவலகங்கள், அரசு கலைக் கல்லூரி, ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி எல்லாம் சேர்ந்த இடம் என்பதால், மாலை நான்கு மணிக்குப் பசியோடு நடக்கிறவர்களுக்கு இங்கே என்றுமே பஞ்சமில்லை. அந்தப் பசியை நம்பித் தொண்ணூறுகளில் உட்தெரு ஒன்றில் ஒரு குடும்பம் சாண்ட்விச் கடை போட்டது. வீட்டின் முன்னறைதான் கடை. அண்ணன் அடுப்பில், அவர் மனைவியான அக்கா காய் நறுக்கும் பலகையில், பள்ளிவிட்டு வந்த அவர்கள் பையன் கல்லாவில்.

எழும்பூர் அல்சா மாலின் சாண்ட்விச் கடைகளில் கல்லூரிப் பிள்ளைகள் மொய்த்த காலம் அது. சௌகார்பேட்டையில் ரொட்டியை விட்டுவிட்டு முறுக்கின் நடுவிலேயே காயும் சட்னியும் வைத்துக் கொடுப்பார்கள். நந்தனத்துக் கடையில் அத்தனை வகை கிடையாது. காய், முட்டை, சீஸ் அவ்வளவுதான். காய் சாண்ட்விச் பன்னிரண்டு ரூபாய் வாக்கில் விற்றது. இன்று எண்பது. பலகையில் நாற்பது வகை எழுதியிருக்கிறது.

அன்றைய செய்முறை இன்னும் கண்ணில் நிற்கிறது. ரொட்டி மாடர்ன், மெழுகுத்தாள் சுற்றியது. ஓரத்தை நறுக்கிவிட்டு, ஒரு துண்டில் வெண்ணெய், மறு துண்டில் கொத்தமல்லி புதினாச் சட்னி. நடுவில் வெந்த உருளைக்கிழங்கு, வெள்ளரி, தக்காளி, வெங்காயம், மேலே மிளகும் உப்பும். நீளக் கைப்பிடி கொண்ட அலுமினிய டோஸ்டரில் அதை இறுக்கி காஸ் அடுப்பின் தீயில் நேராகக் காட்டுவார் அண்ணன். கடிகாரம் பார்ப்பதில்லை. விளிம்பில் கசிந்த வெண்ணெய் தீயில் பட்டுச் சீறினால் திருப்புவார். இரண்டாம் முறை சீறினால் இறக்குவார். நறுக்கிய ஓரங்களும் வீணாகாது. அக்கா அவற்றைக் காயவைத்துப் பொடித்து, மறுநாள் கட்லெட்டின் மேல் புரட்டுவார்.

இன்று மின்சார கிரில். ஒரே நேரத்தில் நான்கு வைக்கலாம், கருகுவதில்லை, எல்லாவற்றிலும் ஒரே மாதிரிக் கோடுகள். ஓரத்தை நறுக்குவதில்லை, ஆகவே கட்லெட்டும் இல்லை. மற்ற மாற்றங்களை என்னால் ஏற்றுக்கொள்ள முடிகிறது, அந்தக் கட்லெட் போனதைத்தான் முடியவில்லை.

ரொட்டியும் கைமாறிவிட்டது. 1965-இல் மத்திய அரசு தொடங்கிய மாடர்ன் பேக்கரீஸ் 2000-இல் ஹிந்துஸ்தான் லீவரிடம் போனது. 2021-இல் மெக்சிகோவின் குருப்போ பிம்போ அதை வாங்கியது. ரொட்டி மாவில் கலந்துவந்த பொட்டாசியம் புரோமேட்டை 2016-இல் அரசு தடை செய்தது. அதே ஆண்டின் கடைசியில், செய்தித்தாளில் உணவைக் கட்டக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் எச்சரித்தது. அதுவரை நாங்கள் அச்சு மை ஒட்டிய சாண்ட்விச்சைத்தான் ருசித்துத் தின்றோம். தட்டின் மேல் விரித்த பிளாஸ்டிக் தாள் 2019 ஜனவரி முதல் தேதியோடு போயிற்று. பச்சை முட்டை மயோனைஸுக்கு 2025 ஏப்ரலில் தமிழ்நாடு ஓராண்டுத் தடை விதித்தபோது, கடையில் முட்டையில்லாத மயோனைஸுக்கு மாறினார்கள். பழைய ருசியைப் புகழ்கிறவர்கள் இவற்றையும் சேர்த்தே கணக்குப் பார்க்க வேண்டும். கையுறை போட்டு, மூடிய டப்பாவிலிருந்து காயெடுக்கும் இன்றைய கடையில் என் பேத்திக்குத் தயங்காமல் வாங்கிக் கொடுக்கிறேன்.

மெட்ரோவுக்காக அண்ணா சாலையைத் தோண்டிய ஆண்டுகளில் கடை தள்ளாடியது. சுற்றி வர வேண்டியிருந்ததால் வாடிக்கையாளர்கள் குறைந்தார்கள். 2018 மே மாதம் நந்தனம் நிலையம் திறந்தது; போனவர்களில் பலர் திரும்பவில்லை. அந்த இடைவெளியில் கடைக்குள் நுழைந்தது உணவு ஆர்டர் எடுக்கும் கைபேசிச் செயலி. இப்போது இரண்டாம் கட்டத்துக்காக மறுபடியும் தோண்டுகிறார்கள், ஆனால் இம்முறை வியாபாரம் படுக்கவில்லை. வண்டிக்காரப் பையன்கள் எந்தச் சந்து வழியாகவும் வந்துவிடுகிறார்கள். நூறு ரூபாய்க்கு விற்றால் இருபதுக்கு மேல் செயலிக்குப் போகிறது என்று மகன் சொல்கிறார். கல்லாவில் உட்கார்ந்த அதே பையன்தான். அவர்தான் இப்போது முதலாளி.

அன்று ஆர்டர் எடுக்கும் வழக்கமே கிடையாது. தெருமுனையில் ஆளைக் கண்டதும் அக்கா, "தம்பிக்கு மிளகாய் வேணாம், சட்னி தூக்கலா" என்று உள்ளே குரல் கொடுப்பார். ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் ஓடிவிட்டு வரும் பிள்ளைகளுக்குக் கேட்காமலேயே உருளைக்கிழங்கு கூட விழும். நின்றுகொண்டே சாப்பிடுவோம். யாருக்குப் பரீட்சை, யார் வீட்டில் கல்யாணம் என்பதெல்லாம் அந்தப் பலகைக்குத் தெரியும். இன்று அதே குறிப்புகள் சீட்டில் அச்சாகி வருகின்றன: மிளகாய் வேண்டாம், சட்னி கூடுதல். தவறாமல் செய்து அனுப்புகிறார்கள். "பேரு வருது, தம்பி, மூஞ்சி வரல. இந்த ஜனனி சின்னப் பொண்ணா, வயசானவங்களா, ஒண்ணும் தெரியல" என்றார் அக்கா. குறை சொல்லும் குரலில் அல்ல. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பினார்.

வருமானம் கூடியிருக்கிறது. முன்னறைக் கடை இப்போது பக்கத்து அறையையும் சேர்த்துக்கொண்டது. உணவுப் பாதுகாப்பு உரிமம் மருமகள் பெயரில் சுவரில் தொங்குகிறது. மாமியார் காலமெல்லாம் நறுக்கியும் எந்தத் தாளிலும் அவர் பெயர் ஏறியதில்லை என்பதை நினைத்தால், இது சின்ன விஷயம் அல்ல.

முன்பு ஞாயிற்றுக்கிழமைகளில் கடை கிடையாது. அலுவலகமும் கல்லூரியும் மூடியிருக்கும். குடும்பம் மெரினாவுக்கோ உறவினர் வீட்டுக்கோ போய்வரும். இப்போது வாரத்தில் ஆர்டர் குவிவதே ஞாயிறு இரவுதான். விடுமுறை செவ்வாய் மதியத்துக்கு நகர்ந்துவிட்டது, அதுவும் மூன்று மணிநேரம். பேரனுக்கு அன்று பள்ளிக்கூடம்.