தேயிலைச் சாற்றில் மருந்து தேடும் ஒளி

குன்னூரில் ஏலத்துக்கு வரும் தேயிலையின் தரத்தை, ருசி பார்ப்பவர் ஒரு மடக்கிலேயே சொல்லிவிடுவார். பூச்சிமருந்து எச்சம் மட்டும் எந்த நாக்குக்கும் தட்டுப்படாது. தனி வரம்பு குறிக்காத மருந்துகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம்தான் அனுமதிக்கிறது. பத்துக் கோடியில் ஒரு பங்கு! இதை அளக்கும் பெரிய கருவிகள் ஆய்வகத்தை விட்டு நகராதவை. கோத்தகிரிச் சிறு விவசாயியின் கொழுந்தோ, அங்கிருந்து முடிவு வருவதற்குள் பேக்டரியில் ஊரார் இலையோடு அரைபட்டுவிடும்.

இலை வாங்கும் இடத்திலேயே சோதிக்க முடியுமா? அந்த நம்பிக்கையைத் தருவது ஆப்டோஃப்ளூயிடிக்ஸ்: நானோ அளவில் ஒளியை ஆள்வதும், நுண் வாய்க்காலில் திரவத்தை நடத்துவதும் ஒரே சிப்பில் சேரும் துறை.

ஒளியின் கதை நம்மவருடையது. திருவானைக்காவலில் பிறந்த சி. வி. ராமன் 1928-இல் கொல்கத்தாவில் கண்டறிந்தபடி, மூலக்கூறில் பட்டுச் சிதறும் ஒளியில் மிகச் சிறு பங்கு நிறம் மாறுகிறது. எந்த மூலக்கூறு என்பதை அந்த மாற்றமே காட்டிக்கொடுக்கும். ஆனால் அது மிக மிக மங்கல். 1974-இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில், சொரசொரப்பான வெள்ளியின் மேல் ஒட்டிய பிரிடின் என்ற வேதிப்பொருளில் அந்த ஒளி எதிர்பாராத வலுவோடு தெரிந்தது. வெள்ளி, தங்கத் துகள்களுக்கிடையே சில நானோமீட்டர் இடுக்கில் ஒளி குவிந்து, அந்த மங்கலைப் பல லட்சம் மடங்கு பெருக்கும்.

சிக்கலே இங்குதான். அவ்வளவு சிறிய இடுக்குக்கு மருந்து மூலக்கூறு வந்து சேர வேண்டுமே! தேங்கிய நீரில் அது தானாக அலைந்து வர மணிக்கணக்காகலாம். உணரி எவ்வளவு நுட்பமானாலும், பொருள் கிட்டே வராவிட்டால் பயனில்லை. அதனால்தான் தலைமுடி அகல வாய்க்கால்கள். அவற்றில் இரு திரவங்கள் அருகருகே ஓடினாலும் சுழித்துக் கலப்பதில்லை. ஆகவே அடித்தளத்தில் மீன்முள் வடிவில் பள்ளம் வெட்டிக் கலக்கிவிடுகிறார்கள். தங்கத் தகட்டில் நானோ துளைகளிட்டு, திரவத்தை அவற்றின் ஊடாகவே செலுத்துவது இன்னொரு வழி. அப்போது மூலக்கூறு உணரும் பரப்பை ஒட்டியே போக வேண்டியிருக்கும்.

தேயிலை எளிதில் பிடிகொடுக்காது. அதன் பாலிபீனால்கள் உலோகத்தில் ஒட்டி மருந்துக்கான இடத்தை அடைத்துக்கொள்ளும். பச்சையம் லேசர் பட்டதும் தானே ஒளிர்ந்து, மருந்து காட்டும் மங்கலான ஒளியை மூழ்கடிக்கும். வாய்க்காலின் முன்பகுதியிலேயே இவற்றை உறிஞ்சி நிறுத்த வேண்டும். என் பார்வையில், லேசரைவிட இந்த வடிகட்டலே பெரிய வேலை.

ஆகவே ஆய்வாளர்களிடம் ஒரு வேண்டுகோள்: காய்ச்சி வடித்த நீரில் மருந்தைக் கரைத்து வெற்றி அறிவிக்காதீர்கள். நீலகிரிக் கொழுந்தின் சாற்றிலேயே சோதித்துக் காட்டுங்கள்.