"நான் யாரு, சொல்லு ஆயா?"

டிமென்ஷியா எனும் மறதிநோய் வந்த பாட்டியிடம் பேரப்பிள்ளைகள் ஓயாமல் கேட்கும் கேள்வி இது. பெயரை மாற்றிச் சொன்னால் சிரிப்பு. சில வீடுகளில் அது செல்போன் வீடியோவாகவும் ஆகிவிடுகிறது. பிள்ளைகளிடம் கெட்ட எண்ணம் இல்லை. "வயசானா அப்படித்தான்" என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள்.

2024 உலக அல்சைமர் அறிக்கைக்கான கணக்கெடுப்பில், பொதுமக்களில் 80 சதவீதம் பேர் டிமென்ஷியாவை முதுமையின் இயல்பு என்றே நம்பினார்கள். 2019-இல் அது 66 சதவீதம். மருத்துவத் துறையினரிலேயே 65 சதவீதம் பேர் அப்படி நினைக்கும்போது, பத்தாம் வகுப்புப் பையனை நொந்து என்ன பயன்?

இந்தியாவில் 60 வயது கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருப்பதாக 2023-இல் வெளியான தேசிய ஆய்வு மதிப்பிட்டது. நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். திட்டக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் மகனும் மருமகளும் சென்னைக்கோ திருப்பூருக்கோ வேலைக்குப் போய்விட்ட வீடுகளில், ஆயாவோடு இருப்பது பள்ளிக்கூடம் போகும் பேரப்பிள்ளைகள்தான். மாற்றம் முதலில் கண்ணில் படுவதும் அவர்களுக்கே.

டிமென்ஷியாவில் மிகுதியாகக் காணப்படும் வகை அல்சைமர். புதிய நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதியை அது தொடக்கத்திலேயே தாக்குகிறது. அதனால்தான் சற்றுமுன் சாப்பிட்டதை மறந்த ஆயா, வெள்ளாற்றில் வெள்ளம் வந்த பழைய கதையை விவரமாகச் சொல்கிறார். நோய் முற்றினால் அதுவும் போகும். இந்த நிலையில் "நான் யாரு?" என்பது அவரால் எழுத முடியாத பரீட்சை. கூச்சமும் பயமும்தான் மிஞ்சும். அதுவே கோபமாக வெடிக்கும். "உங்க பேரன் வந்திருக்கேன் ஆயா" என்று பெயரோடு நாமே சொல்லிவிடலாம். நாற்று நட்ட காலத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் அவரே தொடர்வார்.

மறதி எல்லாமே டிமென்ஷியா அல்ல. வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு கோளாறு, மனச்சோர்வு ஆகியவற்றாலும் வரும். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. ஆகவே, வயசுதான் காரணம் என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் காட்ட வேண்டும். ஆலோசனைக்கு முதியோர் உதவி எண் 14567, மனநல உதவி எண் 14416 இருக்கின்றன, கட்டணம் இல்லை.

ஜப்பான் 2005-இல் டிமென்ஷியா ஆதரவாளர் பயிற்சியைத் தொடங்கியது. ஒன்றரை மணி நேர வகுப்புதான், பள்ளிகளிலும் நடக்கிறது. ஒரு கோடிப் பேருக்குமேல் முடித்துவிட்டார்கள். செப்டம்பர் 21 உலக அல்சைமர் தினம். அன்று நம் பள்ளிகளும் அந்த ஒன்றரை மணி நேரத்தை ஒதுக்கட்டும். தலைமை ஆசிரியர்கள் மனம் வைத்தால் போதும்.