பேய் வேஷம் போட்டு பயமுறுத்தினால் கேஸ் வருமா?

அக்டோபர் 31 ஹாலோவீன் வந்தாலே 'சும்மா ஃபன்னுக்குத்தான்' என்று பேய் பிராங்க் வீடியோக்கள் வரிசைகட்டும். ஆனால் அது காவல் நிலையத்தில் போய் முடியலாம்.

2019 நவம்பரில் பெங்களூரு யஷ்வந்த்பூர் பகுதியில், வெள்ளை உடையும் விக்குமாக நள்ளிரவில் ஆட்டோக்காரர்களையும் வழிப்போக்கர்களையும் பயமுறுத்திய 7 இளைஞர்களைப் போலீஸ் கைது செய்தது. எல்லாம் யூடியூப் வீடியோவுக்காக. பிறகு ஜாமீனில் வந்தார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஒருவரை வழிமறித்தாலே பாரதிய நியாய சன்ஹிதா 126-வது பிரிவில் ஒரு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

மலைப்பாதையில் செய்தால்?

கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு இரவில் பைக்கில் போகிறவர் பயந்துபோய் ஹேண்டிலைத் திருப்பினால், பக்கத்தில் பள்ளம்தான். உயிர் போனால் 106-வது பிரிவில் 5 ஆண்டு வரை சிறை கிடைக்கலாம்.

வேஷம் போடணுமா? தெரிந்தவங்களோட வீட்டுக்குள்ள போடுங்க. ரோட்டில் வேண்டாம்.