இடுப்பு மூட்டு: இழப்பீட்டுடன் முடியாத இன்னல்

புது தில்லி: உலோகத்துடன் உலோகம் உராயும் ஏ.எஸ்.ஆர். செயற்கை இடுப்பு மூட்டை டெபுய் நிறுவனம் 2010 ஆகஸ்டில் உலகெங்கும் திரும்பப் பெற்றது. இந்தியாவில் பாதிக்கப்பட்டோருக்கு ரூ. 30 லட்சம் முதல் ரூ. 1.23 கோடி வரை இழப்பீடு வழங்கும் முறைக்கு மத்திய அரசு 2018 நவம்பரில் ஒப்புதல் அளித்தது. வயதும் ஊனத்தின் அளவும் அதற்கு அடிப்படை.

ஆனால், மூட்டை மாற்றும் மறு அறுவை சிகிச்சை முதல் சிகிச்சையைவிடக் கடினமானது. பழைய மூட்டை அகற்றும்போது எலும்பு முறியக்கூடும். எனவே எலும்பின் நிலை, நோய்த்தொற்று, ரத்தத்தில் கோபால்ட், குரோமியத்தின் அளவு ஆகியவை முன்கூட்டியே ஆராயப்படுகின்றன.

பின்னர் பல வாரங்கள் ஊன்றுகோலுடன் நடைப்பயிற்சி. சம்மணமிடவும் தரையில் அமரவும் தடை. வலி இல்லாதோரும் ரத்தப் பரிசோதனையைத் தவிர்க்கலாகாது. தாமதமானால் எலும்பும் தசையும் மேலும் சிதையக்கூடும்.