பழைய ராணுவ ஜரிகை சின்னம் ஒரிஜினலா, போலியா? திருப்பூர்க்காரர்களுக்குத் தெரிந்த சோதனைகளே போதும்!

பிரிட்டிஷ் கால ராணுவ அதிகாரிகள் தோளில் அணிந்த ஜரிகை சின்னங்களைச் சேகரிப்பவர்கள் உலகம் முழுக்க இருக்காங்க. பழசுக்கு மவுசு அதிகம் என்பதால் போலியும் அதிகம். ஆன்லைனில் பணம் கட்டும் முன் என்ன பார்க்கணும்?

கிரீடமா? சிங்கமா?

மேஜர் பதவிக்கு பிரிட்டிஷ் காலத்தில் கிரீடம்தான் அடையாளம். 1950 ஜனவரி 26-ல் இந்தியா குடியரசானதும் அந்த இடத்துக்கு அசோகச் சிங்கம் வந்தது. கேப்டனுக்கு அன்றும் இன்றும் 3 நட்சத்திரங்கள்.

கிரீடத்தின் வடிவமும் காலத்தைச் சொல்லும். 1901 முதல் 1952 வரை வளைவுகள் மேலே குவிந்து நிற்கும். எலிசபெத் ராணி காலத்து கிரீடத்தில் நடுவில் பள்ளம் விழும். பள்ளம் உள்ளதைக் காட்டி 'இரண்டாம் உலகப் போர் காலத்து பீஸ்' என்று சொன்னால் உஷார்!

திருப்பிப் பாருங்க

அசல் ஜரிகை வேலையில், ஸ்பிரிங் போல் சுருண்ட உலோகக் கம்பியைத் துண்டு துண்டாக வெட்டி, மணி கோர்ப்பது போல ஊசியில் கோர்த்துத் தைப்பார்கள். பின்பக்கம் முடிச்சுகள் ஒழுங்கில்லாமல் இருக்கும். கம்ப்யூட்டர் எம்பிராய்டரி என்றால் பின்னாடி பாபின் நூல் சீராக ஓடும். திருப்பூரில் டி-ஷர்ட் லோகோ தைக்கிறவங்க பார்த்ததுமே சொல்லிடுவாங்க. ஆனால் கையால் தைத்த புது நகல்களும் உண்டு. அதனால இது மட்டுமே போதாது.

யு.வி. லைட் சோதனை

வெள்ளைத் துணி பளிச்சென்று தெரிய சாயப்பட்டறையில் ஆப்டிகல் ஒயிட்னர் சேர்ப்பது திருப்பூருக்குப் புதுசில்லை. இது பரவலானது 1940-களுக்குப் பிறகுதான். முதல் உலகப் போர் காலத்து சின்னம் என்று சொல்லப்படுவதன் நூல் யு.வி. வெளிச்சத்தில் நீலமாக மின்னினால் சந்தேகப்படலாம். பிற்காலத்தில் சோப்புத் தூளில் துவைத்திருந்தாலும் மின்னும் என்பதை மறக்க வேண்டாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

100 ஆண்டுகளுக்கு மேற்பட்ட கலை, வரலாற்றுப் பொருட்கள் 1972-ம் ஆண்டு தொல்பொருள் சட்டத்தின் கீழ் வரும். அவற்றைத் தனிநபர்கள் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. விற்பனைத் தொழில் செய்ய லைசென்ஸ் வேணும்.

வீட்டில் வைத்திருப்பது குற்றமில்லை. ஆனால் ராணுவ வீரர் என்று மற்றவர்களை நம்ப வைக்கும் நோக்கத்தில் அணிந்தால், பாரதிய நியாய சன்ஹிதா 168-வது பிரிவின்படி 3 மாதம் வரை சிறை அல்லது ரூ.2,000 வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம்.

பாலிஷ் போடாதீங்க

கறுத்த ஜரிகையைத் தேய்த்தால் மேலிருக்கும் மெல்லிய பூச்சு போய்விடும். பிளாஸ்டிக் கவரில் அடைத்தால் ஈரம் தங்கும். அமிலம் இல்லாத காகிதத்தில் மடிக்காமல் வைப்பதே நல்லது.

தாத்தா விட்டுச் சென்ற சின்னம் வீட்டில் இருந்தால், அவர் பெயர், படைப்பிரிவு, பணியாற்றிய ஆண்டு மூன்றையும் எழுதி அதோடு வையுங்கள். அந்த விவரம் தொலைந்தால் அது வெறும் பழைய துணி; இருந்தால் அது உங்கள் குடும்ப வரலாறு.