சூரியவீடு மானியத்தில் விடுபட்ட பேட்டரி

புதுதில்லி: வீட்டுக் கூரையில் சூரியஒளித் தகடு பொருத்துவோருக்கு மத்திய அரசு தாராளமாகவே மானியம் வழங்குகிறது. ஆனால், தெருவில் மின்சாரம் தடைபட்டால் அந்த வீடும் சேர்ந்தே இருளில் மூழ்கும். களியக்காவிளையைத் தாண்டி கேரளத்துக்குள் அமைந்துள்ள பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் வட்டாரங்களில் இது சிறிய குறை அல்ல.

மொழிவாரி மாநிலப் பிரிவினையின்போது தமிழகத்துடன் இணைக்கக் கோரப்பட்ட நெய்யாற்றின்கரை வட்டம், 1956 நவம்பர் 1-க்குப் பிறகும் கேரளத்திலேயே நீடித்தது. மன்னர் பாலராம வர்மா காலத்தில் தமிழ்ப் பகுதியிலிருந்து வரவழைக்கப்பட்ட சாலியர்களின் கைத்தறித் தொழில்தான் பாலராமபுரத்தின் அடையாளம். குழித்தறிக்கு மின்சாரம் வேண்டாம். நெசவாளிக்கு வெளிச்சமும் காற்றும் வேண்டும். தென்னை அடர்ந்த இப்பகுதியில், இடவப்பாதி மழைக்கும் ஐப்பசி இடிமழைக்கும் ஓலையோ கிளையோ கம்பியில் விழுந்தால் இரண்டும் கிடைக்காது.

2024 பிப்ரவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பிரதமரின் சூரியவீடு திட்டத்துக்கு ரூ. 75,021 கோடி ஒதுக்கப்பட்டது. 1 கிலோவாட்டுக்கு ரூ. 30,000, 2 கிலோவாட்டுக்கு ரூ. 60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் ரூ. 78,000 என்பது மானிய அளவு. மின்தொகுப்புடன் இணைந்த அமைப்புக்கே இது பொருந்தும். பேட்டரி சேர்க்கத் தடையில்லை. அதற்கான செலவு வீட்டுக்காரருடையது.

பேட்டரி இல்லாத அமைப்பு, மின்தடையின்போது தானாகவே நின்றுவிடும். கம்பியைச் சீர்செய்ய ஏறும் ஊழியர் மீது கூரையிலிருந்து வரும் மின்சாரம் பாயக்கூடாது என்பதற்கான ஏற்பாடு இது. அதில் குறைகூற ஏதுமில்லை. நண்பகல் வெயிலிலும் மின்விசிறி சுழலாமல் போவதுதான் அதன் விளைவு.

சொந்தமாகப் பேட்டரி வைப்போரின் கணக்கு எளியது. 1 கிலோவாட் தகடு நல்ல வெயிலில் நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் தரும். மழைக்காலத்தில் இது வெகுவாகக் குறையும். தென்னையின் நிழல் ஒரு மூலையில் விழுந்தாலும் உற்பத்தி சரியும். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி கொண்ட ஈய-அமில பேட்டரியில் 1.8 யூனிட் அடங்கும். ஆயுள் நீடிக்க அதில் பாதியையே எடுக்க வேண்டும். 75 வாட் மின்விசிறி ஒன்றும், 9 வாட் எல்இடி விளக்குகள் இரண்டும் அதில் எட்டு மணி நேரம் ஓடலாம். 30 வாட்டில் சுழலும் புதுவகை விசிறியானால் விடிய விடியத் தாங்கும். 1 குதிரைத்திறன் கிணற்று மோட்டாரைப் போட்டால் கணக்கு தலைகீழாகிவிடும்! காய்ச்சி வடித்த நீரை அவ்வப்போது ஊற்றிப் பராமரித்தாலும் நான்கைந்து ஆண்டுகளில் பேட்டரியை மாற்ற வேண்டியிருக்கும். ஏழைக் குடும்பம் தயங்குவது இங்கேதான்.

பேட்டரிக்கு மானியம் என்பது புதிய யோசனையும் அல்ல. 2010 ஜனவரியில் தொடங்கிய ஜவாஹர்லால் நேரு தேசிய சூரியசக்தி இயக்கம், மின்தொகுப்பில் சேராத அமைப்புகளுக்கு 2,000 மெகாவாட் இலக்கு வைத்தது. அதன் உதவியுடன் கேரள அரசின் அனெர்ட் நிறுவனம், 10,000 வீடுகளில் பேட்டரியுடன் 1 கிலோவாட் அமைப்பு பொருத்தும் திட்டத்தை 2012-13-ல் அறிவித்தது. எல்லைக்கு இப்பால் தமிழக அரசு 2011-ல் அறிவித்த பசுமை வீடுகளிலும் ஐந்து சூரியசக்தி விளக்குகள் இடம்பெற்றன. பின்னர் கூரை மின்சாரத்தை மின்வாரியத்துக்கே அளித்து, கட்டணத்தில் கழித்துக்கொள்ளும் முறை பரவியபோது பேட்டரி பின்னுக்குத் தள்ளப்பட்டது.

இன்று பழங்குடியினருக்கான ஜன்மன் திட்டத்தில், மின்கம்பி எட்டாத வீடுகளுக்கு பேட்டரியுடன் கூடிய அமைப்பு தரப்படுகிறது. கம்பி இருந்தும் மின்சாரம் நிலைக்காத வீடு எந்தப் பட்டியலிலும் இல்லை.

பெரிய பேட்டரி நிலையங்களின் நிலை வேறு. 4,000 மெகாவாட்-மணி சேமிப்புத் திறனை உருவாக்க ரூ. 3,760 கோடி நிதியுதவிக்கு 2023 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை இசைவளித்தது. கேரளத்தின் தலைவலி மாலை நேர உச்சத் தேவை. பகலில் கூரைகள் தரும் மின்சாரம் அதற்கு உதவாது. வீட்டுப் பேட்டரியும் அந்தச் சுமையைத்தான் குறைக்கிறது. ஆயினும் நிறுவனத்துக்குக் கிடைக்கும் கை, நெசவாளிக்கு நீளவில்லை.

வரியிலும் இதே பாகுபாடுதான். 2025 செப்டம்பர் 22 முதல் சூரியஒளித் தகடுகளுக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமானது. ஈய-அமில பேட்டரிக்கு 28 சதவீதம், 18 ஆகக் குறைந்ததோடு நின்றது. சூரியவீடு திட்டத்தின் காலம் 2026-27 நிதியாண்டு வரை. அதை நீட்டிப்பதா என்று முடிவெடுக்கும்போதாவது, பேட்டரியைச் சேர்க்கும்படி கேரள, தமிழக எம்.பி.க்கள் கட்சி பேதமின்றி வலியுறுத்தலாம்.